சாமிக்கு நேர்ந்த ரேடியோ

சூடேறிய தூசிக்கு ஒரு வாசனை உண்டு. வெயிலில் போட்டெடுத்த கம்பளியை உதறும்போது வருகிற நெடியும், அப்போதுதான் அணைந்த திரியின் நெடியும் கலந்து, அதற்கு அடியில் அரக்கு இளகுவது போல ஒரு லேசான தித்திப்பும் இருந்தால் எப்படியோ, அப்படி. அந்த வாசனை வந்துவிட்டால் இன்னும் கொஞ்ச நேரத்தில் பெட்டி பேசும் என்று அர்த்தம். திருத்தணி மலையடிவாரத்தில், யாத்ரீகர்கள் தங்குகிற ஒரு சத்திரத்துக் கூடத்தில் இருந்த ரேடியோவைத்தான் சொல்கிறேன். ஊரில் எல்லோரும் அதை முன்பக்கமிருந்து பார்த்தார்கள். நான் பின்பக்கமிருந்து பார்த்தேன். வாசனை முதலில் பின்பக்கம்தான் வரும்.

யுத்தம் முடிந்தும் மண்ணெண்ணெய்க்கும் துணிக்கும் தட்டுப்பாடு தீராத காலம் அது. எங்கள் ஊர் அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. வீட்டில் பாதி தமிழ், பாதி தெலுங்கு. அப்பாவை ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவோம். நைனா அந்தச் சத்திரத்துக்கு ‘மணியம்’. வருகிறவர்களுக்கு இடம் ஒதுக்குவது, விளக்கேற்றுவது, கிணற்றுக் கயிறு அறுந்தால் மாற்றுவது, படுக்கிற இடத்துக்காகச் சண்டை போடுகிறவர்களை விலக்கிவிடுவது எல்லாம் அவர் வேலை. பின்கட்டில் இரண்டு அறைகளில் நாங்கள் இருந்தோம்: நைனா, அம்மா, நான். என் அக்கா ராஜியைப் புத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தது.

ரேடியோ அந்தச் சத்திரத்துக்கு வந்ததே ஒரு வேண்டுதலால். மதராஸிலிருந்து ஒரு வியாபாரி வருஷா வருஷம் வருவார். அவருடைய மகனுக்குக் காது மந்தம். ஏதோ வைத்தியம் பலித்துப் பிள்ளைக்குக் காது கேட்க ஆரம்பித்ததும், வெள்ளியில் ஒரு காது செய்து மலைமேல் உண்டியலில் போட்டார். அதோடு அவர் மனசு அடங்கவில்லை. கேட்கிற சுகத்தைக் கொடுத்த சாமிக்குக் கேட்கிற பொருளாகவே ஒன்று கொடுக்க வேண்டும் என்று, மோட்டார் கார் பாட்டரியில் ஓடுகிற ஒரு வால்வு ரேடியோவை வண்டி வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். மலைமேல் இருந்தவர்கள், பேசுகிற பெட்டிக்கு சந்நிதியில் இடமில்லை, கீழே எங்கேயாவது வையுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அப்படித்தான் அது எங்கள் கூடத்துக்கு வந்தது.

ஆனால் வந்த இடம் சத்திரமானாலும் பொருள் சாமியுடையது. குளிக்காமல் அதைத் தொடக்கூடாது. சாயங்காலம் குமிழைத் திருப்புவதற்கு முன்னால் நைனா ஒரு கட்டி கற்பூரம் காட்டுவார். யாத்ரீகர்கள் வந்ததும் வராததுமாக அதன் முன்னால் விழுந்து கும்பிடுவார்கள். ஏரியல் கம்பியைத் தாங்கிய மூங்கிலில் யாரோ ஒரு பெண் பிள்ளை வரம் கேட்டு மஞ்சள் துணி முடிந்துவிட்டுப் போனாள்; அதைப் பார்த்து இன்னும் பலர் முடிந்தார்கள். ஒரு தடவை அரிசிப் பங்கீட்டைப் பற்றிச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தபோது குறுக்கே பேசிய மருமகளை ஒரு கிழவர், “சாமி சொல்லிகினு இருக்குது, வாய மூடிகினு கேளு!” என்று அதட்டினார். எதிரில் தேங்காய்க் கடை வைத்திருந்த முனுசாமி மாமா சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடிப்போனார்.

எனக்கு மனிதர்கள் என்றால் பயம். பயம் என்று சொல்வதைவிடக் கூச்சம் என்று சொல்லலாம். புது முகம் ஒன்று என்னைப் பார்த்து “உன் பேர் என்னம்மா?” என்று கேட்டால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், பதில் தெரிந்தும் வாய் திறக்காமல் பெஞ்சுமேல் ஏறி நின்றவள் நான். தினமும் புது ஆட்கள் வந்து நிறைகிற சத்திரத்தில் இப்படி ஒருத்தி எங்கே போய் ஒளிவாள்? ரேடியோ மேஜைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் உட்காருகிற சந்து இருந்தது. அங்கே போய் உட்கார்ந்துகொள்வேன். சாமிப் பெட்டிக்குப் பின்னால் யாரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள்.

பெட்டியின் முதுகில் ஓட்டை ஓட்டையாகப் போட்ட அட்டை ஒன்று இருந்தது. ஓட்டையில் கண்ணை வைத்தால் உள்ளே ஒரு சின்ன ஊரே தெரியும். கண்ணாடிக் குடுவைகள் வரிசையாக நிற்கும், அவைதான் வால்வுகள். நைனா குமிழைத் திருப்பியதும் முதலில் வெள்ளித் தகட்டுப் பெட்டி ஒன்றிலிருந்து ‘ஙொய்ய்’ என்று சத்தம் வரும். அதற்கு நான் வைத்த பேர் ‘வண்டு’. வண்டு ரீங்காரம் போட்டால்தான் மற்றதெல்லாம் நடக்கும். பிறகு ஒவ்வொரு குடுவைக்குள்ளும் குங்குமப்பூ நுனி மாதிரி ஒரு சிவப்பு எட்டிப்பார்க்கும். பிறகு அந்த வாசனை. பிறகுதான் பேச்சு. முன்னால் இருப்பவர்கள் பேச்சை மட்டும் கேட்டார்கள். அது பிறந்து வருவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் இல்லாத நாளில் முன்பக்கமும் வந்து பார்ப்பேன். எண்கள் போட்ட கண்ணாடிக்கு மேலே வட்டமாக ஒரு பச்சைக் கண் உண்டு. ஸ்டேஷன் மாட்டாதவரைக்கும் அதில் ஒரு கறுப்பு விரிசல் இருக்கும். முள்ளை மெல்ல நகர்த்தி ஸ்டேஷன் சரியாக மாட்டியதும் விரிசல் குறுகி, கண் முழுக்கப் பச்சை நிறைந்துவிடும். பாசி படிந்த குளத்தில் வெயில் விழுந்தாற்போல ஒரு பச்சை. அப்படி ஒரு நிறத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பாட்டரி மேஜைக்குக் கீழே, என் சந்தில், எனக்குத் துணையாக இருக்கும். அதன் தலையில் இரண்டு ஈயக் கொம்புகள். ரேடியோவிலிருந்து வருகிற கனத்த கம்பிகள் இரண்டின் நுனியிலும் வளையங்கள். வளையத்தைக் கொம்பில் மாட்டித் திருகு முடுக்கினால் இணைப்பு. பாட்டரி இளைத்துவிட்டால் அரக்கோணத்திலிருந்து மஸ்தான் பாய் வந்து எடுத்துப்போய், அங்கே சார்ஜ் ஏற்றி, திரும்ப ரயிலில் கொண்டுவந்து வைப்பார். மோட்டார் வேலை, ரேடியோ வேலை எல்லாம் தெரிந்தவர். சாமிப் பெட்டியைத் தொடுவதற்கு முன் கிணற்றடியில் கைகால் முகம் கழுவிக்கொண்டு வருவார். யாரும் சொல்லி அவர் அதைச் செய்ததில்லை.

ஒரு நாள் அவர் முதுகு அட்டையைக் கழற்றித் தூசி தட்டிக்கொண்டிருந்தபோது நைனா கேட்டார்: “ஏன் பாய், மெட்ராஸ்ல பேசறது இங்க எப்பிடிய்யா கேக்குது? கம்பி கூட இல்லியே?”

“கம்பி இல்லாம வர்றது கொசு மூச்சு மாதிரி மணியம், அவ்ளோதான் அதுக்கு பலம்” என்றார் பாய். “இந்தக் குடுவைக்குள்ள ஒரு இழை இருக்குது பாருங்க. அது காஞ்சா அதுலேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு கெளம்பி எதிர்த் தகட்டுக்கு ஓடுது. நடுவுல ஒரு சல்லடை. கிருத்திகைக்கு மலைப்படில கூட்டத்த நிறுத்தி நிறுத்தி விடறாங்கல்ல, கயித்தப் புடிச்சிகினு ஒரு ஆளு? அவனுக்கு பலம் எவ்ளோ? ஆனா கயித்த எறக்கனான்னா ஊரே ஏறுது. தூக்கனான்னா ஊரே நிக்குது. ஏரியல்ல வர்ற கொசு மூச்சு அந்தக் கயித்த ஆட்டுது. அது ஆடறாப்பல இங்க பெரிய கூட்டம் ஓடுது. அந்த ஓட்டந்தான் சத்தம்.”

“அப்போ மெட்ராஸ்ல பாடறவங்க நம்ம வூட்டுக் கயித்தப் புடிச்சி ஆட்றாங்கன்றீங்க.”

“ஆங்! அதேதான்.”

“இந்தப் பச்சக் கண்ணு?”

“அதுவும் இதே சாதிதான். உள்ள ஓடறது போயி விழற எடத்துல ஒரு மருந்து பூசி வெச்சிருக்காங்க. விழுந்த எடம் எரியும், விழாத எடம் இருட்டு. அவ்ளோதான் வித்த.”

அவர்கள் இருவருக்கும் பின்னால் சந்தில் நான் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் வகுப்புவரை படித்த எதுவும் என் மண்டையில் அப்படி ஏறியதில்லை.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராஜி அக்காவுக்கு நல்ல குரல். சின்ன வயதிலிருந்தே பஜனைகளில் பாடியவள். புத்தூரில் அவளைக் கட்டிக்கொண்ட பாவாவுக்குப் பாட்டென்றால் உயிர். மாமியாருக்குத் தெரியாமலே ஒரு பாட்டு வாத்தியாரை ஏற்பாடு செய்து, கடைசியில் மதராஸ் ரேடியோ ஸ்டேஷன்காரர்களை அவள் குரலைச் சோதித்துக் கேட்கவும் வைத்துவிட்டார். அவர்கள் விஜயதசமியன்று சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்தில் வந்து பாடச் சொல்லிவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் புத்தூர் வீட்டில் பிரளயம். பாவாவின் அம்மாவை நாங்கள் ‘புத்தூர் அத்தை’ என்போம். உயரமாக, நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமத்தோடு, அதிகம் பேசாமல் ஆட்களை நிற்க வைக்கிற அம்மாள்.

“எங்க வூட்டுப் பொண்ணோட கொரலு ஊரான் கூடத்துல, கண்டவன் காதுல வுழணுமா?” என்று கேட்டாராம். மகன் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தார். கடைசியில் அத்தை இறங்கி வந்து ஒரு வார்த்தை சொன்னார்: “செரி, போயி பாடட்டும். நான் என் காதால கேக்கறேன். கேட்டுட்டு, இனிமே பாடறதா வேணாமான்னு சொல்றேன். அதுக்கப்புறம் ஒருத்தரும் வாயத் தெறக்கக் கூடாது.”

புத்தூரில் அவர்களுக்குத் தெரிந்த வீடு எதிலும் ரேடியோ கிடையாது. எனவே அத்தை மலைக்கும் போன மாதிரி ஆயிற்று, பாட்டும் கேட்ட மாதிரி ஆயிற்று என்று விஜயதசமிக்கு எங்கள் சத்திரத்துக்கே வருவதாகத் தகவல் வந்தது. அப்போதெல்லாம் பாடுகிறவர் அங்கே பாட, பாடுகிற அந்த நொடியிலேயே இங்கே கேட்டால்தான் உண்டு. பதிவு செய்து மறுபடி போடுகிற வழக்கம் எங்களுக்குத் தெரிந்து இல்லை. அக்காவின் பாட்டு முழுவதும் அந்தச் சாயங்காலத்தின் கையில் இருந்தது. அம்மா அன்றிலிருந்தே சரியாகத் தூங்கவில்லை.

மஸ்தான் பாய் ஆயுத பூஜைக்கு முந்தின நாளே புதுசாகச் சார்ஜ் ஏற்றிய பாட்டரியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, “கல்லு மாதிரி இருக்குது மணியம், பாப்பா ரெண்டு மணி நேரம் பாடினாலும் தாங்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஆயுத பூஜை. சாமியின் பொருளுக்கே பூஜை என்றால் கேட்க வேண்டுமா? அருவாமனை, ராட்டினம், சாவிக்கொத்து எல்லாவற்றுக்கும் ஒரு பொட்டு என்றால் ரேடியோவுக்கு ஒன்பது இடத்தில் பொட்டு. அம்மா பெட்டியை ஈரத்துணியால் துடைத்து, குமிழ்களுக்கு, ஒலி வருகிற துணிக்கு, பச்சைக் கண்ணுக்கு மேலே, ஏரியல் மூங்கிலுக்கு என்று சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பாட்டரி வெறுமனே தரையில் இருந்தது. “இதான் அதுக்கு உசுரு” என்று சொல்லிக்கொண்டே, மகளை நினைத்துக்கொண்டு இரண்டு ஈயக் கொம்புகளுக்கும் குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பி, மேலே குங்குமம் வைத்தாள். சாமிக் கல்லுக்கு வைக்கிற மாதிரி அழகாக இருந்தது. நைனா குளித்துவிட்டு வந்தார். வைத்த பொட்டைத் துடைக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. அதுவாகக் காய்ந்து உதிர வேண்டும். அதனால் பொட்டின் மேலேயே வளையங்களை மாட்டி, மெதுவாகத் திருகை முடுக்கினார். அன்று முழுவதும் பெட்டிக்கு ஓய்வு. விஜயதசமி காலையில் மறு பூஜை முடிந்தது. ஆனால் பாட்டரியைச் சாயங்காலத்துக்கு மீத்துவைக்க வேண்டும் என்று நைனா குமிழைத் தொடவே விடவில்லை.

சாயங்காலம் கூடத்தில் நிற்க இடமில்லை. எங்கள் தெருவே வந்திருந்தது. யாத்ரீகர்கள் கொடிமரம் பார்க்கிற மாதிரி எக்கி நின்றார்கள். புத்தூர் அத்தை மலையிலிருந்து இறங்கிவந்து, முன்வரிசையில் போட்ட மணையில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்தார். நான் வழக்கம்போலச் சந்தில். நைனா கற்பூரம் காட்டி, கண்ணை மூடிக் கும்பிட்டு, குமிழைத் திருப்பினார்.

வண்டு பாடவில்லை.

எண்கள் போட்ட கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற சின்ன விளக்கு மட்டும் மின்மினி மாதிரி ஒரு தடவை மினுங்கிவிட்டு மங்கியது. ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தேன். குடுவைகள் எல்லாம் இருட்டு. நைனா அணைத்தார், திருப்பினார், மறுபடி அணைத்தார்.

“பாட்டரில சார்ஜே ஏத்தலடா அந்த ஆளு!” என்றார் ஒருவர்.

“வால்வு பூட்ச்சி. எங்க மாமனாரூர்ல இப்பிடித்தான் ஆச்சி” என்றார் இன்னொருவர்.

முனுசாமி மாமா முன்னால் வந்து பெட்டியின் தலையில் ஒரு தட்டு தட்டினார். “தேங்கா முத்தலா எளசான்னு பாக்கறியா?” என்று பின்னாலிருந்து யாரோ கேட்டதற்குக் கூடம் சிரித்தது. நைனா மட்டும் சிரிக்கவில்லை. மஸ்தான் பாயைக் கூட்டிவரலாம் என்றால் அரக்கோணத்துக்கு வண்டி இனிமேல்தான். மதராஸில் அக்கா இந்நேரம் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பாள்.

புத்தூர் அத்தை மடியில் வைத்திருந்த மலைப் பிரசாதத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். எழுந்துகொள்கிறவர்கள் செய்கிற வேலை அது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் இருங்க சம்மந்தி, இதோ ஆயிடும்” என்றாள்.

அப்போதுதான் எனக்கு அந்த வாசனை வந்தது. தூசி வாசனை இல்லை. சந்தனம். அதுவும் கல்லில் இழைக்கிறபோது வருகிற குளிர்ந்த வாசனை இல்லை. அனலில் காட்டினால் வருகிற கனத்த வாசனை. நைனா குமிழைத் திருப்புகிறபோதெல்லாம் அது எழுந்தது, அணைத்தால் அடங்கியது. நான் குனிந்து பாட்டரியைத் தொட்டேன். ஒரு கொம்பில் வளையம் சாதாரணமாக இருந்தது. இன்னொன்றில் சுட்டது. அதன் பக்கத்தில் முழங்காலை வைத்துக்கொண்டு எத்தனையோ சாயங்காலம் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாளும் அது சுட்டதில்லை.

எனக்கு மலைப்படிதான் ஞாபகம் வந்தது. கூட்டம் நெருக்கியடிக்கிற இடத்தில்தானே வேர்த்துக் கொட்டும்? கல்லு மாதிரி இருக்கிற பாட்டரியிலிருந்து கூட்டம் கிளம்பி வருகிறது. ஈயத்துக்கும் வளையத்துக்கும் நடுவே காய்ந்த சந்தனம் சுவர் மாதிரி நிற்கிறது. ஒரு ஊசிச் சந்து வழியாக இரண்டு பேர் நுழைந்துபோய்ச் சின்ன விளக்கை மட்டும் ஏற்றிவிட்டு நிற்கிறார்கள். வண்டுக்கு அந்தக் கூட்டம் போதாது.

சொல்ல வேண்டியதுதானே? சந்திலிருந்து கையை நீட்டி நைனாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். “சும்மா இருடி!” என்று காலை உதறினார். வாயைத் திறந்தேன், அவ்வளவு முகங்களையும் பார்த்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது. பூஜைக்கு உடைத்த தேங்காயின் நார் மேஜைக்குக் கீழே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு, திருகைத் தளர்த்தி, சுடுகிற வளையத்தைப் பாவாடை நுனியால் பிடித்துக் கழற்றினேன். கொம்பைச் சுற்றிக் குங்குமத்தோடு சந்தனம் பிடித்திருந்தது. நாரால் தேய்க்க ஆரம்பித்தேன்.

அம்மா பார்த்துவிட்டாள். “அய்யய்யோ! இன்னாடி பண்றே? பொட்ட அழிக்கறியா? சாமிக்கு வெச்ச பொட்ட… உங்க அக்கா வாழற பொண்ணுடீ!” என்று அலறிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள். கூடமே எழுந்து பெட்டிக்குப் பின்னால் எட்டிப்பார்த்தது. யாருக்கும் தெரியாமல் இருந்த என் சந்தில் அத்தனை கண்கள்.

“யாரு அங்க?” என்று புத்தூர் அத்தையின் குரல் வந்தது. கூட்டம் விலகியது. அத்தை மேஜையைச் சுற்றி வந்து என்னைக் குனிந்து பார்த்தார். “சின்னவளா? எதுக்கு அழிக்கற?”

அந்தக் கண்களுக்கு எதிரில் நான் எப்படிப் பேசினேன் என்பது இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. “சந்தனம் வழிய மறிச்சிகினு இருக்குது அத்த” என்றேன். “இது சுடுது. அது சுடல. தொட்டுப் பாருங்க.”

அத்தை உட்கார்ந்தார். பட்டுப்புடவை தரையில் புரளுவதைப் பார்க்காமல் உட்கார்ந்து, என் கையிலிருந்த வளையத்தை விரலால் தொட்டு, வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு இன்னொன்றைத் தொட்டார். அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

“அவ கைய வுடு” என்றார். “நான் ரயிலேறி வந்தது பாட்டு கேக்கறதுக்கு, பொட்டு பாக்கறதுக்கு இல்ல. பாட்டு முடிஞ்சதும் நானே புதுசா பொட்டு வெக்கறேன், வாழற பொண்ணுக்கு மாமியா கையால வெச்சா ஆவாதா? நீ தேயிடி!”

அம்மா கையை விட்டாள். நான் தேய்த்தேன். ஈயம் கறுப்பிலிருந்து சாம்பலாகி, சாம்பலிலிருந்து வெள்ளியாகப் பளபளத்தது. வளையத்தின் உள்பக்கத்தையும் தேய்த்தேன். மற்ற கொம்பையும் விடவில்லை. நைனா குனிந்து திருகுகளை இறுக்கினார், இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு. எழுந்துபோய்க் குமிழைத் திருப்பினார்.

‘ஙொய்ய்.’

அந்த வண்டுச் சத்தத்தைப் போல இனிய நாதம் நான் கேட்டதில்லை. குடுவைக்குள் சிவப்பு நுனிகள் ஒவ்வொன்றாக எட்டிப்பார்த்தன. வால்வு காய்கிற நேரம் வரைக்கும் யாராலும் எதுவும் செய்ய முடியாது, காத்திருக்க வேண்டும். முன்னால் யாரோ, “கண்ணு! கண்ணு தொறக்குது!” என்று கத்தினார்கள். பிறகு, எங்கோ தூரத்தில் ஆரம்பித்து விறுவிறுவென்று பக்கத்தில் நடந்துவருகிற மாதிரி, ராஜி அக்காவின் குரல்.

முதல் பாட்டு போய்விட்டது. நாங்கள் பிடித்தது இரண்டாவது பாட்டின் நடுவில். முருகனைக் கூப்பிடுகிற பாட்டு. வீட்டில் அரிசி களைந்துகொண்டே பாடுவாளே, அதே குரல். ஆனால் கூடம் முழுக்க, உத்தரம் வரைக்கும் நிறைந்த குரல். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நைனா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாத்ரீகர்கள் வெளியே வீதிவரைக்கும் கைகூப்பி நின்றார்கள். அவர்களுக்கு அது எங்கள் ராஜி என்று தெரியாது. அத்தை மணைக்குத் திரும்பவே இல்லை. என் சந்தில், என் பக்கத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் முதுகு அட்டையின் ஓட்டைகளில் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டோம். மேலே மேலே போய் அக்கா ஒரு இடத்தில் நின்று, அங்கேயே சுழன்று, இறங்காமல் நின்றபோது அத்தை என் தோளை இறுக்கிப் பிடித்தார். வலித்தது.

பாட்டு முடிந்து, பாடியவர் பெயரை ஒரு ஆண் குரல் சொன்னது. புத்தூர் என்று ஊரையும் சேர்த்துச் சொன்னது. கூடம் ‘ஹோ’வென்று எழும்பியது. முனுசாமி மாமா கடைக்கு ஓடிப்போய் ஒரு தேங்காயைக் கொண்டுவந்து வாசலில் சூறை விட்டார். ஆனால் அம்மாவும் நைனாவும் அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டார். சொன்ன சொல்படி சந்தனக் கிண்ணத்தைக் கேட்டு வாங்கினார். இரண்டு கொம்புகளையும் விட்டுவிட்டு, பாட்டரியின் வயிற்றில், கம்பி படாத இடமாகப் பார்த்து, “இங்க வெக்கலாமாடி?” என்று என்னைக் கேட்டார். நான் தலையாட்டினேன். பொட்டை வைத்தார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார்.

“மூச்சு எங்க எடுக்கறான்னே தெரியலியே” என்றார். “அடுத்தது எப்போ கூப்பிடுவாங்களாம்?”

அதற்கப்புறம் ராஜி அக்கா எத்தனையோ தடவை பாடினாள். வண்டி பிடித்து அவளை மதராஸுக்குக் கூட்டிப்போகிற வேலையை அத்தையே எடுத்துக்கொண்டார்; ஸ்டேஷன் வாசலில் வெற்றிலைப் பெட்டியோடு காத்திருப்பார் என்று பாவா சொல்லிச் சிரிப்பார். புத்தூரில் முதலில் ரேடியோ வாங்கிய வீடுகளில் அவர்களுடையதும் ஒன்று.

நான் அம்மையார்குப்பத்துத் தறிக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டேன். பல வருஷம் கழித்து, பிள்ளைகள் வளர்ந்த பிறகு, எங்கள் வீட்டுக்கும் ஒரு கறுப்பு வெள்ளை டிவி வந்தது. மொட்டைமாடியில் மீன்முள் மாதிரி ஏரியல் கட்டி, சென்னைப் பக்கமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அக்கா அதிலும் பாடினாள். வீடு முழுக்க அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் எழுந்து பின்பக்கம் போனேன். மகன் தலையில் அடித்துக்கொண்டான். அங்கும் ஓட்டை போட்ட அட்டை. உள்ளே அதே சிவப்பு நுனி. அதைச் சரிபார்க்க வந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெரிய கண்ணாடிக் குடுவை ஒன்றுதான் டிவி. அதன் கழுத்துக்குள் இழை காய்கிறது. அதிலிருந்து கிளம்புவதைக் கயிறாகத் திரட்டி முன்பக்கக் கண்ணாடிமேல் வீசுகிறார்கள். அங்கே மருந்து பூசியிருக்கிறது. விழுந்த இடம் எரிகிறது. கழுத்தைச் சுற்றியிருக்கிற காந்தச் சுருள்கள் அந்தக் கயிற்றை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுக்கின்றன. தறியில் ஊடை நூலைச் சுமந்துகொண்டு நாடா ஓடுகிற மாதிரி, ஒரு இழை, அதற்குக் கீழே ஒரு இழை, அதற்கும் கீழே ஒரு இழை. ஒரே வித்தியாசம், நாடா திரும்பி வரும்போதும் நெய்யும். இது வெறுமனே ஓடிவந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். போகிற வழியில் எங்கே வெள்ளையோ அங்கே கயிறு பலமாக விழும், எங்கே கறுப்போ அங்கே தளர்ந்துவிடும்; அதைத் தளர்த்துவதும் இறுக்குவதும் ஏரியலில் வருகிற அதே கொசு மூச்சு. கண் இமைப்பதற்குள் பல தடவை நெய்து முடித்துவிடுவதால் நமக்கு முழு முகமாகத் தெரிகிறது. அதற்குப் பிறகு அக்கா பாடியபோது நான் முன்பக்கம் வந்து பார்த்தேன். கோடு கோடாக நெய்யப்பட்டு, என் அக்கா நெற்றியில் அகலமான பொட்டோடு உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்தச் சத்திரம் இருந்த இடத்தில் மாடி மாடியாக லாட்ஜ் நிற்கிறது. வால்வு என்றால் தண்ணீர்க் குழாய்க்குப் போடுவது என்கிறார்கள். அக்காவும் இல்லை, அத்தையும் இல்லை. அக்காவின் பேத்தி சென்னையில் இருக்கிறாள், அவளும் பாடுகிறாள். பாடியதைப் போனில் அனுப்பிவைப்பாள். போன மாதம் வந்தபோது, “சின்னப்பாட்டி, ஆயா மொதமொதல்ல ரேடியோல பாடுனது எங்க தேடியும் கெடைக்க மாட்டேங்குது. யாருகிட்டயாவது இருக்குமா?” என்று கேட்டாள்.

“இருக்காதும்மா” என்றேன். “அது ஒரே ஒரு தடவதான் வந்துது. வந்தப்போ உங்க புத்தூர்க் கொள்ளுப்பாட்டி கேட்டுட்டாங்க. அவங்க கேக்கணும்னுதான் உங்க ஆயா பாடுனா.”